விழாத வரம்

பாஸ்கல் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஃபாதர் வந்து சேர்ந்தார். அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை அங்கியின் கீழ்விளிம்பும் இரண்டு வெறுங்கால்களும்தான். பக்கத்தில் மாமியார் இன்னாசியம்மாளின் கால்கள். அவளுக்கு எவ்வளவு கோபம் என்பதை அந்தக் கால்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். கட்டைவிரல் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

"மாப்ள, சாமி வந்திருக்காரு. வெளிய வாங்க."

"இந்தா வாரேன் அத்தே. உருண்டு எங்கயோ போயிருச்சு."

கட்டிலின் மேலிருந்து மனைவி அன்புக்கரசியின் குரல் வந்தது. பழைய குரலில் பாதிதான் மிச்சம். "எடுக்குறதுக்கு முன்னால எம்புட்டுன்னு பாத்துக்கங்க. திருப்பிக் கிருப்பிப் போட்டுறாதீங்க."

சுவரோரம், மருந்து அட்டைகள் போட்டுவைத்திருந்த பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் பகடை கிடந்தது. தாயம் விளையாடும் கட்டை இல்லை. இருபது முகம் கொண்ட சிவப்புப் பகடை. மேல்முகத்தில் பதினேழு இருந்தது.

"பதினேழு. ஆனா கீழ விழுந்தது செல்லாது. மறுபடி உருட்டணும்."

"யாரு சொன்னது? தரையும் பூமிதான்."

கட்டிலைச் சுற்றி விளையாட உட்கார்ந்திருந்த நர்கீஸும் முகேஷ்குமாரும் சிரித்தார்கள். அந்த அறையில் இந்த நிலைமையில் சிரிப்புச் சத்தம் கேட்டதே இன்னாசியம்மாளுக்குத் தாங்கவில்லை. "மக கெடக்குற கெடையில அவஸ்தை எண்ணெ பூச சாமிய கூட்டியாந்திருக்கேன், இங்க சூதாடிக்கிட்டு இருக்காக" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரிடம் சொன்னால் மருமகனிடம் சொன்னதாக ஆகாது அல்லவா.

கட்டிலின் குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் விரித்திருந்த ஃப்ளெக்ஸ் துணியில் மலையும் ஆறும் பாதையும் கையால் வரையப்பட்டிருந்தன. மலைகளுக்கு நடுவே கல்வாசல் ஒன்று. வாசலில் சட்டைப் பொத்தான் ஒன்று, நூல் சுற்றும் குழல் ஒன்று, மஞ்சள் பிளாஸ்டிக் கோழி ஒன்று. அவற்றுக்கு எதிரே கவிழ்த்துவைத்த ஒரு பெரிய இட்லித் தட்டு.

ஃபாதர் சின்ன வயசுக்காரர். குனிந்து பார்த்தார். "இது என்ன கோழி?"

"அது நாந்தான் சாமி" என்றாள் அன்புக்கரசி.

ஃபாதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் எண்ணெயைத் தொட்டு அவள் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் சிலுவை போட்டார். முகேஷ்குமார் எழுந்து நின்றான். நர்கீஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலை குனிந்து நின்றாள். ஜெபம் நடக்கும்போது பாஸ்கல் மட்டும் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பாஸ்கல், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். காதணி விழா, கட்சி வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கம்ப்யூட்டரில் பிறந்து ஊர்ச் சுவரேறும். கொரோனா அடைப்பில் ஊரில் விழாவும் இல்லை, கூட்டமும் இல்லை. சும்மா இருந்தவன் இன்டர்நெட்டில் மேய்ந்து, மந்திரவாதிகளும் வாள்வீரர்களும் வரும் ஓர் இங்கிலீஷ் விளையாட்டுப் புத்தகத்தைப் பிடித்துவிட்டான். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்க வேண்டும். பாத்திரம் நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவரவர் டர்ன், அதாவது முறை, வரும்போது "நான் இதைச் செய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது.

நடத்தியது பாஸ்கல். அதனால் அவனுக்குக் கண்டக்டர் என்று பெயர் வந்தது. பக்கத்துத் தையல்கடை நர்கீஸ் மந்திரக்காரி, அவளுக்குப் பொத்தான். வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் முகேஷ்குமார் மலையேறும் வேடன். அவனுக்கு மில்லிலிருந்து கொண்டுவந்த நூல்குழல். அன்புக்கரசி காவலாள். மற்றவர்கள்மேல் விழும் அடியைத் தானே வாங்கிக்கொள்கிற பாத்திரம் அது. சாணார்பட்டிப் பக்கத்து அங்கன்வாடியில் அவள் டீச்சர். அங்கே கிடந்த பொம்மைக் கூடையிலிருந்து கோழியை எடுத்து வந்தாள். "குஞ்சுகள றெக்கைக்குள்ள வச்சுக்கிறதுல கோழிக்கு மிஞ்சுன காவலாள் யாரு?" என்று கேட்டாள்.

புத்தகம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சில சக்திகளைத் தந்திருந்தது. பாஸ்கல் அதற்கு வரம் என்று பெயர் வைத்தான். காவலாளுக்கு இரும்புச் சட்டை, போர்க்கொம்பு, குதிரை, ராஜாவின் முத்திரை, இப்படி வரிசையாக உண்டு. முதல் நாளே அன்புக்கரசி முரண்டு பிடித்தாள்.

"இந்த வெக்கையில எவ போடுவா இரும்புச் சட்டைய? எனக்கு வேணாம். வேற என்னமாச்சும் குடுங்க."

"குடுத்தத வச்சுத்தான் ஆடணும்."

"குடுத்தவன் திண்டுக்கல்லுக்கு வந்திருக்கானா?"

அப்படித்தான் வரம் மாற்றுகிற வழக்கம் அந்த மேசையில் ஆரம்பித்தது. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று. இரண்டுக்கும் எடை சமமாக இருக்க வேண்டும். எடை பார்த்துக் கண்டக்டர் "செல்லும்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. கண்டக்டருக்குச் சந்தேகம் வந்தால் தீர்ப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும்.

நர்கீஸ் இரண்டொரு வரம் மாற்றினாள். முகேஷ்குமார் ஒன்றே ஒன்று மாற்றினான். அன்புக்கரசிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் மாற்றுவது தவறாது. இரும்புச் சட்டையைக் கொடுத்துவிட்டு, எந்த இருட்டிலும் தன் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணாமலே தெரிகிற கண்ணை வாங்கினாள். குதிரையைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் எத்தனை பிள்ளை இருந்தாலும் சளைக்காமல் நடக்கிற காலை வாங்கினாள். போர்க்கொம்பைக் கொடுத்துவிட்டு அவள் வாங்கியதுதான் வேடிக்கை. "நான் சாப்புடக் கூப்புட்டா எதிரியும் ஒரு டர்ன் கைய எறக்கிரணும்" என்றாள். பாஸ்கல் அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுச் "செல்லும்" என்றான். அந்தக் கூப்பாட்டால் ஒரு கொள்ளைக் கூட்டமே கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்த கதை உண்டு. முகேஷ்குமார் இன்னும் அதை மில் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இப்படிக் கொடுத்துக் கொடுத்து, புத்தகம் தந்ததில் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. விழாமை. காவலாளுக்கு உயிர் போகிற அடி விழும்போது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அவள் விழாமல் எழுந்து நிற்கலாம். அதை அவள் இதுவரை தொட்டதே இல்லை.

கணையத்தில் வந்த நோய்க்கு மதுரையில் பார்த்தார்கள். பார்த்த டாக்டர் ஒருநாள் பாஸ்கலைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்றார். அன்றிலிருந்து பாஸ்கலின் மனசில் ஓர் எண்ணம் புகுந்துகொண்டது. வெளியே சொன்னால் அசட்டுத்தனம், அவனுக்கே தெரியும். ஆனாலும் அதை விட முடியவில்லை. இட்லித் தட்டு அளவுக்கு ஒரு பூதத்தை உண்டாக்கினான். கல்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். இன்றைக்குப் பூதம் காவலாளை அடிக்கும். அவள் விழாமை வரத்தைச் சொல்லுவாள். எழுந்து நிற்பாள். எங்கேயாவது ஓரிடத்தில் அவள் எழுந்து நிற்பதை அவன் பார்த்துவிட வேண்டும். அதற்காகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நர்கீஸையும் முகேஷ்குமாரையும் வரச் சொல்லியிருந்தான்.

ஃபாதரை வழியனுப்ப இன்னாசியம்மாள் வாசலுக்குப் போனாள். நர்கீஸ் கரண்டியில் இளநீரை எடுத்து அன்புக்கரசியின் உதட்டை நனைத்தாள். பாஸ்கல் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். வாசலுக்கு உள்ளே ஊர் ஜனம் ஒளிந்திருக்கிறது. வாசலில் மூன்று பேர். பூதம் கையை ஓங்குகிறது.

"அடுத்த அடி காவலாள் மேல" என்றான். "பெரிய அடி."

"கண்டக்டரே" என்றாள் அன்புக்கரசி. "அதுக்கு முன்னால வரம் மாத்தணும்."

"எத?"

"விழாமைய."

முகேஷ்குமார் நூல்குழலைக் கையில் எடுத்துச் சுற்றினான்.

"அதக் குடுத்துட்டு?" என்று நர்கீஸ்தான் கேட்டாள்.

"நான் விழுந்தா, அந்நேரம் எம்பக்கத்துல நிக்கிற எல்லாருக்கும் இன்னொரு டர்ன் கெடைக்கணும்."

சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. முகேஷ்குமார் வரைபடத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அக்கா சொல்றது சரிண்ணே. அக்கா எந்திரிச்சு நின்னா பூதமும் நிக்கும், கதவும் தொறந்தே கெடக்கும். எங்களுக்கு ஒரு டர்ன் இருந்துச்சுன்னா நான் கதவத் தள்ளிருவேன். நர்கீஸக்கா தாப்பா போட்டுரும். உள்ள இருக்குற சனம் பொழச்சுக்கும்."

"எடை சமமில்ல" என்றான் பாஸ்கல்.

"எது கூட, எது கொறச்சல்?"

"அன்பு, விழாமைங்கிறது உசுரு. நீ கேக்குறது ஒரு டர்ன்."

"ஒண்ணா? ஆளுக்கு ஒண்ணு. மூணு."

"மூணு எங்க? நர்கீஸ், முகேஷு. ரெண்டு பேருதான்."

"அப்ப நீங்க?"

"நான் கண்டக்டர். எனக்கு ஏது டர்ன்?"

அன்புக்கரசி தலையணையில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து பார்ப்பது அவள்தான். அந்தக் குறும்பும் அவளுடையதுதான்.

"பக்கத்துல நிக்கிற எல்லாருக்கும்னு தான சொன்னேன். நீங்க நிக்கலையா?"

இத்தனை வருஷமாகப் பூதமும் புயலும் கொள்ளைக்காரனுமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் பாஸ்கல். அவனுக்கும் ஒரு முறை கிடையாதே என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவனுக்கே தோன்றியதில்லை.

"எனக்கு ஒரு டர்ன் கெடச்சா நான் என்ன செய்ய?" என்றான். கேலியாகச் சொல்ல நினைத்தான். கேலியாக வரவில்லை.

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன தோணுதோ அதச் செய்ங்க. சொல்லுங்க, செல்லுமா செல்லாதா?"

செல்லும் என்றால் அவள் விழுவாள். பாஸ்கல் மற்ற இருவரையும் பார்த்தான். இருவரும் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலெழுத்து அவனுக்கு நாக்கு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"சந்தேகமா இருக்கு" என்றான். "அடுத்த வாரம் பாப்போம்."

மேசையின் சட்டப்படி அது சரியான தீர்ப்புதான்.

"அடுத்த வாரமா?" என்றாள் அன்புக்கரசி. பிறகு, பால் வாங்க மறந்துபோன கணவனை மன்னிக்கிற மாதிரி, "சரிங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் கோயிலில் மூவேளை ஜெபத்துக்கு மணி அடித்தது. நர்கீஸும் முகேஷ்குமாரும் போகாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கல் கட்டிலோரம் இருந்து பஞ்சால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தான். மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பகடை உருண்டு நிற்கும்வரை காத்திருப்பதுபோல அவன் ஒவ்வொரு மூச்சுக்கும் காத்திருந்தான். ஒரு தடவை காத்திருந்தது காத்திருந்ததாகவே ஆயிற்று. மணியோசை நின்ற பிறகும் பஞ்சு அவன் விரலில் இருந்தது.

அதற்கப்புறம் வீடு அவன் கையில் இல்லை. இன்னாசியம்மாளின் அலறல் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ பந்தல் போட்டார்கள். முகேஷ்குமார் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கடையைத் திறந்து கண்ணீர் அஞ்சலி அடித்து வந்தான். ஊருக்கெல்லாம் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்த பாஸ்கல் அதை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐஸ் பெட்டி வந்தபோது கீழே விரிக்க ஏதாவது வேண்டும், தண்ணீர் சொட்டும் என்றார்கள். எதிர்வீட்டு ஆண்டிச்சாமி உள்ளே தேடிவிட்டு, கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸை எடுத்து வந்து விரித்தார். நல்ல மனுஷர், அவசரத்தில் எது அகப்பட்டதோ அதை எடுத்தார். யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவுக்கு அடித்துப் பெயர் தப்பாகிப்போன ஃப்ளெக்ஸ் அது. அச்சடித்த பக்கம் தரையைப் பார்க்க, வரைந்த பக்கம் மேலே வந்தது. மலையும் ஆறும் பாதையும் நடுவீட்டில் விரிந்தன. அவற்றின்மேல் பெட்டியை வைத்தார்கள்.

பாஸ்கல் பார்த்தான். பெட்டியின் ஒரு கால் மலைமேல் இருந்தது, இன்னொன்று ஆற்றங்கரையில். நடுவில் கல்வாசல். சரியாகக் கோழி நின்ற இடத்தில் அவள் படுத்திருந்தாள். வேண்டுமென்று அளந்து வைத்தாலும் இப்படி அமையாது. நர்கீஸும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

காலையில் சாணார்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளின் தாய்மார்கள். அவர்களில் கருப்பம்மாள் என்றொருத்தி, பெட்டியைத் தொட்டுத் தொட்டு அழுதாள். பூப்பறிக்கப் போகிறவள் போலும். விரல்களில் காம்புக் கறை இருந்தது.

"டீச்சர் ஒரு கூப்பாடு போடும், 'வாங்க சாமிகளா சாப்புட'ன்னு. அங்கன காட்டுல களையெடுக்கிற எங்களுக்கே பசிச்சிரும். வெளிய சண்ட போட்டுக்கிட்டு நிப்பானுக எங்கூரு ஆம்பளைக, வரப்புத் தகராறுன்னு. அந்தச் சத்தம் கேட்டா அவனுகளே வாய மூடிக்கிட்டுப் போயிருவானுக. இனி யாரு கூப்புடுவா தாயீ?"

பாஸ்கலுக்கு அந்த வரம் நினைவுக்கு வந்தது. எதிரியும் ஒரு டர்ன் கையை இறக்கிவிட வேண்டும். அவன் அதைக் கற்பனை என்று நினைத்து அரைமணி நேரம் எடை பார்த்தான். இன்னொருத்தி சொன்னாள், முப்பது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தாலும் டீச்சர் திரும்பிப் பார்க்காமலே ஒன்று குறைகிறது என்று சொல்லிவிடுமாம். மற்றொருத்தி, மழை வெள்ளத்தில் டீச்சர் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தன் இரட்டைப் பிள்ளைகளை ஓடை தாண்டிக் கொண்டுவந்து விட்டதைச் சொன்னாள். அந்தக் கதை ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அவள் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் வந்து வரமாகக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் கேட்டு வாங்கிய வரம் எல்லாமே அவளிடம் ஏற்கெனவே இருந்தவை. யாரோ தூர தேசத்தில் எழுதிய காவலாளை ஒவ்வொரு வாரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். புத்தகத்தின் மிச்சம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாகும் நாளில் அதையும் கழற்றி வைக்கப் பார்த்தாள். அதைக் கழற்றியிருந்தால் காவலாள் முழுக்க அவளாகியிருப்பாள். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் இவ்வளவு பெரியவளா என்று பாஸ்கல் மலைத்துப்போய் நின்றான். அந்த மலைப்பில் அழுகைகூட வரவில்லை. அவள் கேட்ட ஒரே கேள்விக்கு அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டோமே என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மலைக்கோட்டைப் பாறை வெள்ளையாய்த் தகித்தது. குழிக்கு அருகில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். பெட்டி கயிற்றில் இறங்கியது. கயிறு உருவப்பட்டது. முதல் மண் புருஷன் போட வேண்டும் என்றார்கள். பாஸ்கல் மூன்று பிடி போட்டான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே போட்டான். இன்னாசியம்மாளை இருவர் தாங்கிப்பிடித்துப் போடவைத்தார்கள். பிறகு உறவு, தெரு, சாணார்பட்டிப் பெண்கள். நர்கீஸும் போட்டாள், அவர்கள் வழக்கத்திலும் மூன்று பிடிதான். முகேஷ்குமார் போட்டான். எல்லாரும் ஒதுங்கினார்கள். குழிவெட்டும் மூக்கையா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

"செத்த இருங்கண்ணே" என்றாள் நர்கீஸ்.

மூக்கையா நிமிர்ந்தார். "ஏம்மா, நீங்க போட்டாச்சே."

நர்கீஸ் குழிக்கு அந்தப் பக்கம் நின்ற பாஸ்கலைப் பார்த்தாள். ஃபாதரும் உறவுக்காரர்களும் நிற்கிறார்கள் என்ற கூச்சம் அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"கண்டக்டரே, அக்கா கேட்டது செல்லுமா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. துக்கத்தில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இன்னாசியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மருமகனைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மகள் ஏதோ கேட்டாள், அதற்கு இவன் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எம்மக என்ன கேட்டா மாப்ள?" என்றாள். "கேட்டதக் குடுத்துருங்க."

பாஸ்கல் குழிக்குள் பார்த்தான். பெட்டியின்மேல் செம்மண் அங்கங்கே திட்டாகக் கிடந்தது. நடுவில் வெறும் பலகை தெரிந்தது. இப்போது செல்லாது என்று சொன்னால் அவள் எழுந்துவிடப் போகிறாளா? இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுப்பது, அவளைத் தன் கையாலேயே இறக்கிவிடுவதாக இருந்தது. அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"செல்லும்" என்றான்.

முகேஷ்குமார் முன்னால் வந்தான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். மேசையில் சொல்வதுபோலவே, ஆனால் மெதுவாகச் சொன்னான். "கதவத் தள்றேன்." மண் பலகையில் விழுந்து சத்தம் கேட்டது. அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான்.

நர்கீஸ் அள்ளினாள். "தாப்பா போடுறேன்க்கா" என்றாள். அவளால் உடனே கையைத் திறக்க முடியவில்லை. பிறகு திறந்தாள்.

சாணார்பட்டிப் பெண்கள் இதுவும் ஒரு வழக்கம்போல என்று எண்ணி மரியாதையாகக் கைகட்டி நின்றார்கள். ஃபாதர் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நர்கீஸ், இத்தனை வருஷம் அவன் அவர்களிடம் கேட்டுவந்த கேள்வியை அவனிடம் கேட்டாள்.

"அண்ணே, ஒங்க டர்ன். என்ன செய்றீங்க?"

பாஸ்கல் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். வெயிலில் மண் சுட்டது. கதவு சாத்தியாகிவிட்டது. தாழ்ப்பாளும் போட்டாயிற்று. உள்ளே இருக்கிற ஜனம் பிழைத்துக்கொள்ளும். அவன் செய்வதற்கு என்று ஒன்றும் மிச்சமில்லை. என்ன தோணுதோ அதைச் செய்யச் சொல்லியிருந்தாள். அவன் வெகுநேரம் நின்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. மூக்கையாகூட மண்வெட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நிக்கிறேன்" என்றான் பாஸ்கல்.

நர்கீஸ் தலையசைத்தாள். மூக்கையா மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

மேடு கட்டி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றிக் கூட்டம் கலையும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு எல்லாரோடும் நடந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு குடத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். இன்னாசியம்மாள் செம்பில் மொண்டு ஒவ்வொருவர் கையிலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாஸ்கல் முறை வந்தது.

"ரெண்டு கையையும் நீட்டுங்க மாப்ள" என்றாள்.

அவன் இடது கையை மட்டும் நீட்டினான். வலது கை மூடியே இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நீட்டிய கையில் தண்ணீரை ஊற்றினாள்.